ஒரு விரல் சுண்ணாம்பு

பனையேறி ஒருவர் பாளையைச் சீவிவிட்டு, கலயத்தைக் கட்டி இறங்குகிறார். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் விடிகாலையில் இறங்குவது பதநீர். சாறு புளிக்காமல் சுண்ணாம்பு பார்த்துக்கொள்ளும். தடவாமல் விட்டால் அதே சாறு இரவோடு இரவாக நுரைத்துக் கள்ளாகிவிடும். மரம் ஒன்று, பாளை ஒன்று, ஏறி இறங்கிய கால்களும் அவையே. பதநீரைப் பட்டையில் ஊற்றிக் குடிக்கலாம், காய்ச்சிக் கருப்பட்டி ஆக்கலாம். கள்ளை இறக்கினால் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் வழக்கு. தொழிலாளிக்கும் குற்றவாளிக்கும் நடுவே நிற்பது ஒரு விரல் சுண்ணாம்பு.

கோவையிலிருந்து வாளையார் சோதனைச்சாவடியைத் தாண்டினால் அந்தச் சுண்ணாம்புக்கும் வேலை இல்லை. பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர்ப் பக்கத் தோப்புகளில் கள் இறக்குவது உரிமம் பெற்ற தொழில். இறக்குகிறவருக்கு நல நிதி உண்டு. கடை வாசலில் வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்தில் 'கள்ளு' என்று எழுதித் தொங்கவிட்டிருப்பார்கள். ஒளிவுமறைவே கிடையாது.

இடத்தை விடுங்கள், காலத்தைப் பாருங்கள். 1937 அக்டோபர் 1-ஆம் தேதி சேலம் மாவட்டத்தில் ராஜாஜி அரசு மதுவிலக்கைக் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய நாள் வரை குடித்தவர் வெறும் குடிகாரர். மறுநாள் குடித்தவர் சட்டத்தை மீறியவர். 1971-ல் தடை தளர்ந்தது, 1974-ல் திரும்பி வந்தது, பிறகு மறுபடி தளர்ந்தது. 1983-ல் டாஸ்மாக் பிறந்தது. 2003 முதல் சில்லறைக் கடைகளையும் அதுவே நடத்துகிறது. இடையில் 1987-ல் கள்ளுக்குக் கதவு சாத்தப்பட்டு, இன்றுவரை திறக்கவில்லை. ஒரு காலத்தில் குடித்தவரைப் பிடித்து உள்ளே தள்ளிய அதே அரசு இன்று பாட்டிலுக்கு பில் போடுகிறது. அரசு விற்றால் வருவாய், நான் இறக்கினால் குற்றமா என்று பனையேறி கேட்கும்போது, தன்னை அறியாமலே குற்றவியல் வகுப்பின் முதல் கேள்வியைக் கேட்கிறார்: ஒரு செயலைக் குற்றமாக்குவது எது? செயலா, அதைச் சுற்றி இழுக்கப்பட்ட கோடா? கோடுதான் என்றால், அதை இழுத்த கை யாருடையது?

தப்பு வேறு, குற்றம் வேறு

இந்தக் கேள்வியைப் பிடிக்கத் தமிழில் ஏற்கெனவே தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. ஊர் சொல்வது 'தப்பு'. போலீஸ் எழுதுவது 'குற்றம்'. சாமி பார்ப்பது 'பாவம்'. (அந்த ஒரே சொல்லை வைத்துத்தான் 'ஐயோ பாவம்' என்று இரக்கமும் படுகிறோம், எந்தச் சட்டப் புத்தகத்துக்கும் இல்லாத தாராளம் இது.) திருக்குறளில் குற்றங்கடிதல் என்று ஓர் அதிகாரமே உண்டு. அது திருட்டையோ கொலையையோ பேசவில்லை. ஆளுகிறவனின் செருக்கு, சினம், கஞ்சத்தனம் போன்றவற்றைப் பேசுகிறது. குற்றம் என்ற சொல் காவல் நிலையத்துக்குப் போவதற்கு வெகுகாலம் முன்பு மனசுக்குள் இருந்திருக்கிறது.

சமூக நெறி என்றால் என்ன என்று மாணவர் கேட்டால் பேருந்து நிலையத்துக்கு அழைத்துப் போகலாம். பஸ் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாக ஒரு துண்டு உள்ளே பறக்கும். சீட்டில் விழுந்த அந்தத் துண்டை எடுத்துப் போட்டுவிட்டு உட்கார எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்? மோட்டார் வாகனச் சட்டத்தில் துண்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆனாலும் துண்டுக்கு மதிப்பு உண்டு. மீறினால் தண்டனையும் உண்டு: "ஏம்ப்பா, துண்டு கிடக்கிறது கண்ணுக்குத் தெரியலையா?" என்ற அதட்டலும், சுற்றியிருப்பவர்களின் பார்வையும். அமெரிக்க அறிஞர் வில்லியம் கிரஹாம் சம்னர் 1906-ல் எழுதிய புத்தகத்தில் இத்தகைய அன்றாட வழக்கங்களை ஒரு பக்கமும், மீறினால் ஊரே கொதிக்கும் ஒழுக்க நெறிகளை மறுபக்கமுமாகப் பிரித்தார். துண்டு முதல் வகை. பெற்ற தாயைத் தெருவில் விடுவது இரண்டாம் வகை.

இரண்டாம் வகையில் ஒன்று வலுவிழக்கும்போது சட்டம் ஓடி வரும். தாயைக் கைவிடுவது நம் ஊரில் எப்போதும் பெருந்தப்பு. அதைக் குற்றமாக்க 2007-ல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்ற வேண்டியிருந்தது: மூத்த குடிமக்களைக் கைவிட்டால் 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒரு சமூகம் எதற்குச் சட்டம் போடுகிறது என்று பார்த்தால், எந்த நெறி அங்கே தானாக வேலை செய்யவில்லை என்று தெரிந்துவிடும்.

தப்பும் குற்றமும் ஒன்றை ஒன்று தவறவிடும் இடங்கள்தான் இந்தப் படிப்பில் சுவையானவை. இந்திய தண்டனைச் சட்டத்தின் 497-ஆம் பிரிவை எடுத்துக்கொள்வோம். இன்னொருவன் மனைவியோடு உறவு வைத்துக்கொண்ட ஆணுக்குத் தண்டனை; கணவன் சம்மதித்திருந்தால் குற்றமே இல்லை. மனைவியைக் கணவனின் சொத்தாகக் கருதிய தர்க்கம் இது. 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை நீக்கியது. குற்றம் போய்விட்டது. தப்பு போனதா? தெருக்குழாயடியில் கேட்டுப் பாருங்கள்.

வரதட்சணை இதற்கு நேரெதிர். 1961 முதல் கொடுப்பதும் வாங்குவதும் குற்றம். பின்னால் வந்த திருத்தம் தண்டனையைக் குறைந்தது 5 ஆண்டாக உயர்த்தியது. ஆனால் பெண் பார்க்க வந்த வீட்டில் "நாங்க எதையும் கேட்கலை, உங்க பொண்ணுக்கு நீங்க செய்யிறதை செய்ங்க" என்ற வாக்கியம் இன்னும் காபி டம்ளரோடு வந்துகொண்டேதான் இருக்கிறது. அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிற யாருக்கும் தாங்கள் ஒரு குற்றச் சம்பவத்துக்குச் சாட்சிகள் என்று தோன்றுவதில்லை. 'சீர்' என்று பெயர் மாறியதும் சட்டத்தின் கண்ணில் மண் விழுந்துவிடுகிறது.

பெயர் மாற்றம் எதிர்த் திசையிலும் வேலை செய்யும். சாதி மாறிக் காதலித்த பிள்ளையைக் கொல்வதைப் பத்திரிகைகள் வெகுகாலம் 'கௌரவக் கொலை' என்று எழுதின. கொன்றவரின் நியாயம் அந்தத் தலைப்புக்குள்ளேயே ஒளிந்திருந்தது. பிறகு 'ஆணவக் கொலை' என்ற சொல் வந்தது. இயக்கங்கள் பேசின, பத்திரிகைகள் எடுத்துக்கொண்டன. கொலைக்குத் தண்டனை அன்றும் இன்றும் ஒன்றுதான். பெயர் மட்டும் கொன்றவரின் பக்கத்திலிருந்து செத்தவரின் பக்கம் நகர்ந்தது. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் ஓர் இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டது கண்காணிப்பு கேமராவில் பதிவாகியிருந்தது. யாரும் பார்க்காத நேரம் வரட்டும் என்று அதைச் செய்தவர்கள் காத்திருக்கவில்லை. திருடன் இருட்டைத் தேடுவான். தான் செய்வது நெறிதான் என்று நினைப்பவன் தேடுவதில்லை.

டீக்கடையில் தலித்துகளுக்குத் தனிக் குவளை வைக்கும் இரட்டைக் குவளை முறையும் அப்படித்தான். 1950-ல் அரசியலமைப்பின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-ல் அதற்கென்று தனிச் சட்டம். 1989-ல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். டீக்கடைக்காரரிடம் கேட்டால் "எங்க தாத்தா காலத்துலேர்ந்து வழக்கம்ங்க" என்பார். அவரைப் பொறுத்தவரை குவளையைப் பிரித்து வைப்பது நெறி, ஒரே குவளையில் கொடுப்பதுதான் பிறழ்வு. ஊர் வழக்கம் என்றாலே இனிமையானது என்று மண்வாசனைக் கட்டுரை எழுதுகிறவர்கள் இந்தக் குவளையையும் ஒருமுறை கையில் எடுத்துப் பார்க்கலாம்.

தர்ம அடி

பிக்பாக்கெட் அடித்தவன் கையும் களவுமாகப் பிடிபடுகிறான். உடனே கூட்டம் கூடுகிறது. பர்ஸைப் பறிகொடுத்தவர் இரண்டு அடி அடிக்கிறார். பர்ஸே இல்லாதவர்களும் இறங்கிப் போய் ஆளுக்கு ஒன்று வைத்துவிட்டு, சட்டையைச் சரிசெய்துகொண்டு அடுத்த பஸ் பிடிக்கிறார்கள். இதற்கு நம் நாளிதழ்கள் சூட்டியிருக்கும் பெயர் 'தர்ம அடி'. சட்டப்படி ஒவ்வொரு அடியும் தனிக் குற்றம். மொழியோ அதற்குத் தர்மம் என்று பட்டம் கட்டியிருக்கிறது.

பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்கெய்ம் இந்தக் காட்சியைப் பார்த்திருந்தால் தலையாட்டியிருப்பார். குற்றம் இல்லாத சமூகம் கிடையாது, இருக்கவும் முடியாது என்று 1895-ல் வாதாடியவர் அவர். குற்றவாளியைத் தண்டிக்கும்போது மற்றவர்கள் ஒன்றாகிறார்கள், எல்லை எங்கே இருக்கிறது என்று தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொள்கிறார்கள் என்பது அவர் கணிப்பு. புனிதர்கள் மட்டுமே வாழும் மடத்தை நினைத்துப் பாருங்கள் என்றார்: நாம் கண்டுகொள்ளாத சின்னப் பிழைகள் அங்கே பெருங்குற்றமாகிவிடும். மடம் வரை போவானேன்? திருட்டு, அடிதடி எதுவும் எட்டிப் பார்க்காத அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் வாட்ஸ்அப் குழுவைத் திறந்தால் போதும். வாசலுக்கு வெளியே செருப்பு விட்டவர் மீது நள்ளிரவு வரை விசாரணை நடக்கும்.

துர்கெய்ம் சொன்னதில் ஒரு சிக்கல் உண்டு. கூட்டம் எல்லார் மேலும் கை வைப்பதில்லை. 1990-களில் நம்ப முடியாத வட்டி தருவதாகச் சொல்லித் தமிழ்நாட்டில் முளைத்த நிதி நிறுவனங்கள் வரிசையாக மூடப்பட்டன. ஓய்வூதியப் பணம், மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணம் எல்லாம் போயின. அதற்காகவே 1997-ல் முதலீட்டாளர் நலன் காக்கத் தனிச் சட்டம் வந்தது. பர்ஸ் திருடியவன் எடுத்தது சில நூறு. இங்கே போனது கோடிகள். பணம் கட்டியவர்கள் பூட்டிய கதவுக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள், மனு எழுதினார்கள். தர்ம அடி என்ற சொல் அங்கே யார் வாயிலும் வரவில்லை.

அமெரிக்கக் குற்றவியலாளர் எட்வின் சதர்லாண்ட் 1939-ல் இதைத்தான் மேடையில் கேட்டார். வறுமையும் சேரியும்தான் குற்றத்தின் தாய்வீடு என்றால், பெரிய நிறுவனங்களின் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள் சட்டத்தை மீறுவது எதனால்? 'வெள்ளைக் காலர் குற்றம்' என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அவர். 70 பெருநிறுவனங்களின் ஆவணங்களை அலசி 1949-ல் புத்தகம் போட்டார். பதிப்பகம் பயந்துபோய், நிறுவனங்களின் பெயர்களை எடுக்கச் சொன்னது. பெயர்களோடு முழுப் பதிப்பு வரச் சதர்லாண்ட் செத்துப் பல ஆண்டு கழித்து 1983 ஆயிற்று. பிக்பாக்கெட்காரனின் படத்தை 'உஷார்' என்று பஸ் நிலையச் சுவரில் ஒட்ட யாரும் வழக்கறிஞரைக் கேட்பதில்லை.

எண்ணில் சேராதவை

குற்றம் கூடிவிட்டது, குறைந்துவிட்டது என்று ஆண்டுதோறும் கட்சிகள் மோதிக்கொள்கின்றன. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கை வந்ததும் இரண்டு நாளைக்குத் தொலைக்காட்சி விவாதம் அதுதான். அந்த எண் எங்கே பிறக்கிறது என்று போய்ப் பார்த்தால் ஒரு மேசை, ஓர் எழுத்தர், ஒரு பதிவேடு.

தமிழ்நாட்டில் காவல் நிலையம் போனவர்களுக்கு 'சி.எஸ்.ஆர்.' என்ற மூன்றெழுத்து தெரிந்திருக்கும். புகாரை வாங்கிக்கொண்டு முதலில் கொடுக்கும் ரசீது அது. எப்.ஐ.ஆர். அதற்கு அப்புறம், போட்டால். நடுவில் ஒரு பெஞ்ச் இருக்கிறது. அந்தப் பெஞ்சில் உட்கார வைத்து "ரெண்டு பேரும் பேசி முடிச்சுக்கங்க" என்று அனுப்பிய வழக்குகளுக்குக் கணக்கு கிடையாது. கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எப்.ஐ.ஆர். பதிந்தே ஆக வேண்டும் என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பெஞ்ச் இன்னும் அங்கேயே இருக்கிறது.

காவல் நிலையத்தின் படியே ஏறாதவை இன்னும் எத்தனையோ. கணவன் அடித்ததை அம்மாவிடம்கூடச் சொல்லாத பெண், சீண்டியவன் தாய்மாமன் என்பதால் வாய்மூடிய சிறுமி, செல்போன் போனால் போகட்டும், ஸ்டேஷனுக்கு யார் அலைவது என்கிற கல்லூரி மாணவன். இந்தக் கணக்கில் வராத குவியலைக் குற்றவியலில் 'இருண்ட எண்' என்பார்கள். எழுதப்படும் எண்ணிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஒரே எப்.ஐ.ஆரில் கொலையும் கொள்ளையும் இருந்தால் தேசிய அறிக்கையில் பெரியது மட்டும் எண்ணப்படும், கொள்ளை மறைந்துவிடும். ஆகவே ஒரு மாவட்டத்தில் பெண்களுக்கு எதிரான வழக்குகள் கூடினால், அங்கே கொடுமை கூடியிருக்கலாம். பெண்கள் படியேறத் துணிந்திருக்கலாம். புதிதாக வந்த இன்ஸ்பெக்டர் பெஞ்சை எடுத்து வெளியே போட்டிருக்கலாம். எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எது என்று சொல்ல முடியாது.

பிறப்பிலேயே எழுதியது

செயலைக் குற்றமாக்குவதே பெரிய அதிகாரம். ஆளையே குற்றமாக்குவது அதற்கும் மேல்.

1876-ல் இத்தாலிய மருத்துவர் செசரே லொம்ப்ரோசோ, குற்றவாளிகள் பிறவியிலேயே அப்படி என்று எழுதினார். தாடை, காது, மண்டையோட்டின் குழிவு எல்லாம் அவருக்குச் சாட்சி. (அவர் சேகரித்த மண்டையோடுகள் இன்றும் டுரின் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவருடைய எலும்புக்கூடும் அதே கட்டடத்தில்தான் நிற்கிறது. இதை நீதி என்பதா என்று தெரியவில்லை.) சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் இங்கே சாதி சாதியாக மூக்கையும் தலையையும் அளந்தார், உடலளவுகளைக் கொண்டு குற்றவாளிகளை அடையாளம் காணச் சென்னை மாகாணப் போலீசுக்குப் பயிற்சியும் கொடுத்தார்.

பிரிட்டிஷ் இந்தியா லொம்ப்ரோசோவுக்காகக் காத்திருக்கவில்லை. அவர் புத்தகத்துக்கு ஐந்து ஆண்டு முன்பே, 1871-ல், குற்றப் பரம்பரைச் சட்டம் வந்துவிட்டது. முதலில் வடக்கே. 1911-ல் திருத்தப்பட்டபின் சென்னை மாகாணத்துக்கும். ஒரு சாதியை அறிவிக்கையில் சேர்த்துவிட்டால் அதில் பிறந்தவர் எல்லாம் பதிவேட்டுக்கு உரியவர். எதையும் திருடியிருக்கத் தேவையில்லை. பத்து விரலும் மையில் அழுந்தும். அதனாலேயே மக்கள் வாயில் அதற்கு 'ரேகைச் சட்டம்' என்று பெயர். இரவில் போலீஸ் கண்காணிப்பில் படுக்க வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். பெண் எடுத்த ஊரில் சாவு விழுந்தாலும் சீட்டு இல்லாமல் போக முடியாது.

மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர் ஊர்களில் இது எப்படி இறங்கியது என்பதைப் புரிந்துகொள்ள, 'காவல்' என்ற சொல்லைப் பார்க்க வேண்டும். அக்கம்பக்கத்துக் கிராமங்களின் பயிரையும் மாட்டையும் காப்பது அவர்களின் பழைய பொறுப்பு; அதற்குத் தானியமாகக் கூலி. மாடு காணாமல் போனால் துப்புத் துலக்கி மீட்டுக் கொடுப்பார்கள், அதற்குத் துப்புக்கூலி. சில சமயம் மாட்டை ஓட்டிப் போனவர்களே துப்பும் சொன்னார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஊருக்கு அது நெறி, பல இடங்களில் சுமையும்கூட. சம்பளப் போலீஸைக் கொண்டுவந்த அரசுக்கு அது போட்டிக் கடை. காவல்காரர் மிரட்டிப் பறிப்பவர் ஆனார், துப்புக்கூலி திருட்டுப் பங்கானது. கலயத்திலிருந்து யாரோ சுண்ணாம்பைச் சுரண்டி எடுத்தது போல.

உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் பெருங்காமநல்லூர், ரேகை வைக்க மாட்டோம் என்று சொன்ன ஊர். 1920 ஏப்ரல் 3 அன்று ஆயுதப் போலீஸ் ஊரைச் சூழ்ந்து சுட்டது. ஜாலியன்வாலாபாக் நடந்து ஓராண்டுகூட ஆகவில்லை. செத்தவர்கள் 16 பேர். அவர்களில் ஒருவர் மாயக்காள். காயம்பட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவர் என்று ஊர் சொல்கிறது. அந்த மக்களுக்காக நின்ற மதுரை வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப்பை அவர்கள் 'ரோசாப்பூ துரை' என்று அழைத்தார்கள். அந்தப் பெயர் அவர்களின் வாரிசுகள் வாயில் இன்னும் இருக்கிறது.

சிகாகோவில் இரவு விடுதிகளில் ஜாஸ் பியானோ வாசித்துக்கொண்டிருந்த ஹோவர்ட் பெக்கர், பின்னாளில் சமூகவியலாளராகி 1963-ல் ஒரு புத்தகம் எழுதினார். பிறழ்வு என்பது செயலின் குணம் இல்லை, மற்றவர்கள் குத்தும் முத்திரை. குத்தியபின் ஆள் அந்த முத்திரைக்குள்ளேயே வாழும்படி ஆகிவிடுகிறது என்பது அதன் சாரம். கல்லூரிகளில் இது 'முத்திரைக் கோட்பாடு'. பெருங்காமநல்லூரில் முத்திரை உவமை இல்லை. விரலில் ஒட்டிய மைதான். ராதாரிச் சீட்டு இல்லாமல் வேலைக்குப் போகக்கூடாது, போனால் கைது. கைதானால் பழைய குற்றவாளி. பழைய குற்றவாளிக்கு யார் வேலை கொடுப்பார்?

குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-ல் நீக்கப்பட்டது, நாடு முழுக்க 1952-ல். இடத்தைக் காலி செய்ததும் 'வழக்கமான குற்றவாளிகள்' சட்டம் வந்து உட்கார்ந்தது. சிறைக் கையேடுகளில் அந்தப் பழைய வாடை எவ்வளவு தங்கியிருந்தது என்பது 2024 அக்டோபரில்தான் உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் வெளிச்சத்துக்கு வந்தது. சாதி பார்த்துச் சிறைக்குள் வேலை பிரிப்பதை நீதிமன்றம் ரத்து செய்தது. கைதிப் பதிவேட்டில் சாதிக் கட்டத்தையே எடுக்கச் சொன்னது.

அறிவிக்கையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களைத் தமிழில் 'சீர்மரபினர்' என்கிறோம். தமிழ்நாட்டில் 68 சமூகங்கள். 1979-ல் அரசு அவர்களைச் 'சீர்மரபுப் பழங்குடியினர்' என்பதிலிருந்து 'சீர்மரபுச் சாதிகள்' என்று மாற்றியது. ஆங்கிலச் சுருக்கத்தில் ஓர் எழுத்துதான் வித்தியாசம்: டி.என்.டி. என்பது டி.என்.சி. ஆனது. அந்த ஓர் எழுத்தால் மத்திய அரசின் சலுகைகள் நழுவுகின்றன என்று சொல்லி நாற்பது ஆண்டு மனு, மறியல், உண்ணாவிரதம். 2019-ல் மாநிலத்துக்கு ஒன்று, மத்திய அரசுக்கு ஒன்று என்று இரண்டு சான்றிதழ் கொடுத்தார்கள். ஒரே சான்றிதழாகக் கொடுங்கள் என்று அடுத்த போராட்டம். தாத்தாவின் பத்து விரலையும் பிடித்து மையில் அழுத்தி எழுதிய 'பழங்குடி' என்ற அந்தச் சொல்லைத் தன் பெயருக்கு எதிரே திரும்ப எழுதித் தரச்சொல்லி, பேரன் தாலுகா அலுவலக வரிசையில் நிற்கிறான். அவன் கையில் விண்ணப்பம், பள்ளி மாற்றுச் சான்றிதழின் நகல், தாத்தாவின் பெயர் எழுதிய ஒரு பழைய தாள்.